மீன்தொட்டி நீரிலிருந்து வீட்டுத் தரையைக் காக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் முன்னறைத் தரை பார்க்கே மரக்கட்டைகளால் ஆனது. சிமென்ட் தளத்தின்மேல் தார் பூசி ஒட்டப்பட்ட அந்தச் சிறு கட்டைகள் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியவை. ஆனால் அடியில் தண்ணீர் புகுந்தால் உப்பி, ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு மேலெழும்பிவிடும். லேமினேட் பலகை அதைவிட மென்மையானது. அழுத்திய மரநாரால் ஆன அதன் ஓரம் ஒருமுறை ஊதிவிட்டால், உலர்த்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர்கள், மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தரையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டைல் பதித்த தரை இருக்கும் அறை கிடைத்தால் அங்கே வைப்பதே சிறப்பு. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 45 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 243 கிலோ. கண்ணாடி, சரளை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். இத்தனை பாரம் சாய்வாக நின்றால் கண்ணாடி இணைப்புகளில் இழுவிசை ஏறும் என்பதால், ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தாங்கியைச் சமன் செய்த பிறகே நீர் நிரப்ப வேண்டும். புதிய தொட்டியானாலும் கைமாறி வந்ததானாலும், முதலில் முற்றத்தில் சமமான பலகைமேல் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு முழு நாள் நீர் நிரப்பிச் சோதியுங்கள். கசிந்தால் பழைய சிலிக்கோனை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பழையதன்மேல் புதியது சரியாகப் பற்றாது. குளியலறைக்கென விற்கப்படும் சிலிக்கோனில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு.

தொட்டி வெடித்து வீடு வெள்ளக்காடாகும் என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் தரையை அழிப்பது பெரும்பாலும் கண்ணில் படாத சொட்டுதான். வடிகட்டியின் குழாய் இணைப்பில் திரளும் ஒரு துளி, குழாயின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே இறங்கித் தாங்கியின் பின்காலடியில் சேர்கிறது. அங்கே மரக்கட்டையின் விளிம்பு கறுக்கத் தொடங்கும்போது வாரங்கள் கடந்திருக்கும். தாங்கியின் கீழ்த்தட்டில், வடிகட்டிக்கு அடியில், விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து அதில் கசிவு உணரி ஒன்றையும் இட்டுவிட்டால், முதல் துளியே ஒலி எழுப்பி உங்களை அழைக்கும். கனத்த கம்பளமோ ரப்பர் விரிப்போ போட்டு மறைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: அவை ஈரத்தை அடியிலேயே அடைத்துவைக்கும், வினைல் தரையில் ரப்பர் மஞ்சள் கறையையும் விடும்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்கள் மின்வெட்டை மனத்தில் வைத்துத் தொட்டியை அமைப்பது கட்டாயம். லோட் ஷெட்டிங் எனப்படும் முன்னறிவித்த சுழற்சி மின்வெட்டுக்கான அட்டவணை இல்லாத நாட்களிலும் மின்சாரம் நின்றுபோகலாம். கீழே சம்ப் (மேல்தொட்டி நீர் வடிந்து சேரும் சிறு தொட்டி) வைத்த தொட்டியில் பம்பு நின்றதும், நீரைத் திருப்பி அனுப்பும் குழாய் எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், மேலே சொன்ன அளவுள்ள தொட்டியிலிருந்து 27 லிட்டர் கீழே இறங்கிவிடும். சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மீதி தரைக்குத்தான். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அத்துளையைப் பாசி அடைக்காதபடி அடிக்கடி குத்திவிடுங்கள். பம்பை நீங்களே நிறுத்திப் பார்த்து, சம்ப் வழியாத அளவைக் கண்டுபிடித்து, பம்பு ஓடும்போது நீர் எங்கே நிற்க வேண்டும் என்று அதன் சுவரில் கோடு போட்டுக்கொள்வது பாதுகாப்பானது. காற்று பம்பையும் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது அதன் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள்.

மின்கம்பிகள் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செருகப்பட வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சரியாக விழுகிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பாருங்கள்.

தண்ணீர் மாற்றும்போது குழாயைத் தொட்டி விளிம்பில் கிளிப்பால் பிடித்துவிட்டு, நீர் நிரம்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். புரட்டாசி விரதத்துக்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்கும் வேளையில் தாங்கியின் பின்புறத்தையும் பாருங்கள்; கடல்நீர்த் தொட்டியானால் இணைப்புகளில் வெள்ளை உப்புப் படிவம் தெரியும் இடமே கசியும் இடம். பார்க்கே கட்டைகளை நாணயத்தால் தட்டினால், ஒட்டு விட்ட கட்டை பொள்ளென்று ஒலிக்கும்.

நீர் கொட்டிவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு துண்டுகளால் ஒற்றி எடுங்கள். டர்பன் கோடையில் காற்றே ஈரமாக இருப்பதால் சன்னலைத் திறந்துவைப்பது போதாது. ஏர்கண்டிஷனரும் மின்விசிறியும் சேர்ந்து ஓட வேண்டும். எழும்பிய கட்டைகளைச் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மீண்டும் ஒட்டுவதற்கு முன், சிமென்ட் தளத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விட்டு வையுங்கள்; காலையில் தாளின் அடியில் ஈரம் பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை, ஒட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.