முதற்பதிப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் புத்தகத்தைக் குப்புறப் போடுங்கள்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் 'முதற்பதிப்பு' முதற்பதிப்பே இல்லை. மூன்று மாதம் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. மேலுறையைக் கழற்றினார், புத்தகத்தைக் குப்புறப் போட்டார், பின்னட்டையின் கீழ்ப்பகுதியில் முதுகை ஒட்டி விரலால் தடவினார். "இங்க பாருங்க" என்றார். பட்டாணி அளவில் ஒரு பள்ளம். மை கிடையாது, எழுத்து கிடையாது, அட்டையில் வெறும் அழுத்தம். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காகப் புத்தக மன்றங்கள் தனியாக அச்சடித்த பிரதிகளில் வைக்கிற அடையாளமாம் அது. விற்றவர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து விற்பவர் எழுதியிருக்கும் குறிப்பைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதலில் அட்டை, கட்டு, காகிதம், மடிப்பு.

சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொண்டு மேலே போகலாம். பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒருமுறை கோத்த எழுத்தை மாற்றாமல் பத்துத் தடவை அச்சடித்தாலும், நூல்கள் அச்சான வரலாற்றை ஆராயும் நூலியல்காரர்களுக்கு அது ஒரே பதிப்புதான். சேகரிப்பவர்கள் முதற்பதிப்பு என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது முதற்பதிப்பின் முதல் அச்சு, அதாவது இயந்திரம் முதல் தடவை ஓடியபோது வெளியே வந்த பிரதிகள் மட்டும். பதிப்புரிமைப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்று இருப்பதைப் பார்த்ததும் பர்ஸைத் திறக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான், ஏனென்றால் நான்காவது அச்சிலும் அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிற பதிப்பகங்கள் உண்டு. அதனால் விற்பவரிடம் "எத்தனையாவது அச்சு?" என்று கேளுங்கள்.

ஆங்கிலப் புத்தகங்களில் இதைக் கண்டுபிடிக்க எண்வரிசை உதவும். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து வந்த பல புத்தகங்களில், பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்றோ 1 3 5 7 9 10 8 6 4 2 என்றோ ஒரு வரி ஓடும். அடுத்த அச்சுக்குப் போகும்போது இருப்பதில் சிறிய எண்ணை எடுத்துவிடுவார்கள். ஆக 1 இருந்தால் முதல் அச்சு. 4தான் சிறியது என்றால் நான்காம் அச்சு. எல்லோரும் இதையே கடைப்பிடித்திருந்தால் நமக்கு வேலையே இருந்திருக்காது. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் பல ஆண்டுகள் முதல் அச்சில் 'முதற்பதிப்பு' என்ற வரியோடு 2இல் தொடங்கும் எண்வரிசையைப் போட்டது, இரண்டாம் அச்சில் அந்த வரியை மட்டும் எடுத்தது. இது தெரியாதவர் 2ஐப் பார்த்துவிட்டு நல்ல பிரதியைத் திரும்ப அடுக்கில் செருகிவிட்டுப் போவார், பின்னால் வருகிறவருக்கு யோகம். நீங்கள் தேடுகிற பதிப்பகம் நீங்கள் தேடுகிற காலத்தில் என்ன பழக்கம் வைத்திருந்தது என்று தெரிந்துகொள்வதுதான் வழி. எல்லாப் பதிப்பகத்தையும் மனப்பாடம் பண்ண முடியாது, அதனால்தான் ஓர் எழுத்தாளர், ஒரு பதிப்பகம், அல்லது கவிஞர்களின் முதல் தொகுப்புகள் மட்டும் என்று ஒரு வட்டம் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

எண்வரிசை இல்லாத பழைய புத்தகங்களில் பிழைதான் சாட்சி. 1925இல் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் வெளியிட்ட, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் இரண்டாம் அச்சும் வந்துவிட்டது, பதிப்புரிமைப் பக்கத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. 205ஆம் பக்கத்துக்குப் போக வேண்டும். 'சிக் அண்ட் டயர்ட்' என்பதைப் பேச்சுவழக்கில் சேர்த்து 'சிக்கன்டயர்ட்' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் 'சிக் இன் டயர்ட்' என்று இருந்தால் முதல் அச்சு, அடுத்ததில் திருத்திவிட்டார்கள். மேலுறையின் பின்பக்கத்திலும் ஒரு கூத்து: ஜே கேட்ஸ்பி என்ற பெயரின் முதலெழுத்து சிறிய எழுத்தாக விழுந்துவிட்டது, பல பிரதிகளில் அதைக் கையால் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். எந்த நூலுக்கு எந்தப் பக்கம், எந்த வரி என்ற விவரமெல்லாம் அந்தந்த எழுத்தாளருக்கென்று தயாரித்த விவரணை நூலியல்களில் இருக்கும். பெரிய நூலகங்களில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அரைநாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் போதும், அது பல வருஷத்துக்கு உதவும்.

மேலுறையைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கிழித்துப் போடுவதற்கென்றே சுற்றிய காகிதம், இன்று அது இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் பல நவீன முதற்பதிப்புகளின் விலையே நிற்கிறது. சில நூல்களில் புத்தகத்தைவிட உறை பல மடங்கு பெறும். அதனாலேயே நகல் உறைகளும், பிந்தைய அச்சின் உறையைக் கழற்றி முதல் அச்சுக்கு மாட்டிய ஜோடிகளும் சந்தையில் சுற்றுகின்றன. உறையின் உள்மடிப்பில் விலை இருக்கிறதா, மூலையோடு வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பரிசளிக்கிறவர்கள் விலையை வெட்டுவது சகஜம்தான், ஆனால் மன்றப் பிரதி என்பதை மறைக்க வெட்டுகிறவர்களும் உண்டு. அதே புத்தகத்துக்கு வந்த பத்திரிகை மதிப்புரைகள் உறையில் இருந்தால் சந்தேகப்படுங்கள்: மதிப்புரை வந்தபிறகு அடித்த உறையாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். முதுகுப் பக்கம் வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் நைந்துபோன புத்தகத்தின்மேல் மடிப்பு கலையாத பளிச்சென்ற உறை உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் கேளுங்கள்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். சிறுபதிப்பகங்கள்.

வெர்ஜீனியா உல்ஃபும் கணவர் லெனர்டும் 1917இல் வீட்டுக்குள்ளேயே ஒரு கை அச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கினார்கள். டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' 1923இல் அங்கே வந்தபோது எழுத்துக் கோத்தவர் வெர்ஜீனியாதான். அடித்தது சுமார் 460 பிரதி. 1956இல் சிட்டி லைட்ஸ் வெளியிட்ட அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' முதல் அச்சு ஆயிரம் பிரதி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போகிற அளவு, நடுவில் ஊசிக்கம்பி அடித்த மெல்லிய புத்தகம். இப்படிப்பட்டவை அரிதாவதற்குக் குறைவாக அடித்தது பாதிக் காரணம்தான். இவற்றை யாரும் பொருட்படுத்திப் பாதுகாக்கவில்லை என்பது மீதிக் காரணம். துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்ததால் மடித்தார்கள், நண்பருக்குக் கொடுத்தார்கள், தொலைத்தார்கள்.

பழைய சிறுபதிப்பக நூலில் பெரும்பாலும் எண்வரிசை இருக்காது, ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண் இருக்காது, சில சமயம் ஆண்டுகூட இருக்காது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அச்சுக் குறிப்பு பெரும்பாலும் அங்கேதான்: என்ன எழுத்துரு, என்ன காகிதம், மொத்தம் எத்தனை பிரதி, அதில் எத்தனை கையெழுத்திட்டவை. எண்ணிட்ட பிரதி என்றால் 87/200 என்று பென்சிலிலோ பேனாவிலோ எழுதியிருப்பார்கள். 1ஆம் எண் பிரதிதான் முதலில் அச்சானது என்று நினைத்துக்கொண்டு அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள், எண் போடுவது கட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு. எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்து போட்ட பிரதிகளும் உண்டு, பெரும்பாலும் 26 மட்டும். எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால் அது கணக்கில் சேராத உபரிப் பிரதி, போலி என்று அவசரப்பட வேண்டாம். ஈய எழுத்தில் அடித்தது என்று சொன்னால் பக்கத்தின் பின்புறத்தை விரல்நுனியால் தடவுங்கள், அழுத்தி அடித்த பக்கங்களில் எழுத்தின் புடைப்பு தட்டுப்படும்.

என்னிடம் 24 பக்கத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கிறது. இரண்டு கம்பி, கீழ்க்கம்பி துருவேறி அதைச் சுற்றிக் காகிதத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் அந்தத் துரு எனக்கு நிம்மதி, ஏனென்றால் ஐம்பது வருஷப் புத்தகத்தில் கம்பி பளபளவென்று இருந்தால்தான் நான் நடுப்பக்கத்தைத் திறந்து பழைய ஓட்டை ஏதாவது தெரிகிறதா என்று தேடுவேன். கம்பியை மாற்றியிருந்தால் உள்ளே தாளையும் மாற்றியிருக்கலாம், அட்டையையும் மாற்றியிருக்கலாம். ஒரே அச்சில் இரண்டு நிற அட்டை வந்திருந்தால் "பச்சை அட்டைதான் முதலில் வந்தது" என்று அடித்துச் சொல்கிறவரிடம் ஆதாரம் கேளுங்கள். கையில் இருந்த அட்டை தீர்ந்துபோய் வேறு நிறத்தை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான் பல சமயம்.

இன்றைய சிறுபதிப்பகங்களில் ஒரு புதுச் சிக்கல், கேட்கக் கேட்க அடித்துக் கொடுக்கும் முறை. பதிப்புரிமைப் பக்கம் மாறவே மாறாது, நேற்று அடித்த பிரதியிலும் 'முதற்பதிப்பு' என்றே இருக்கும். பல நிறுவனங்கள் கடைசித் தாளில் ஒரு பார்கோடோடு அச்சிட்ட இடத்தையும் தேதியையும் போடுகின்றன, அதைப் பாருங்கள். இதையெல்லாம் தவிர்க்க ஒரே வழி, பிடித்த சிறுபதிப்பகத்திடம் நூல் வரும்போதே நேரடியாக வாங்குவது. கூட வரும் அறிவிப்புத் தாள், பிழைதிருத்தச் சீட்டு, ஆர்டர் படிவம் எதையும் எறியாதீர்கள். நாற்பது வருஷம் கழித்து எத்தனை பிரதி அடித்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் ஒரே ஆதாரமாக இருக்கக்கூடும்.

சின்னப் புத்தகம்தானே, இதில் யார் போலி செய்யப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். தாமஸ் வைஸ் என்கிற பெரிய சேகரிப்பாளரும் நூலியல் நிபுணருமான ஒருவர் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் படைப்புகளைச் சிறு பிரசுரங்களாக அச்சடித்து, பல வருஷம் முந்தைய ஆண்டைப் போட்டு, "உண்மையான முதற்பதிப்பு இதுதான்" என்று புழக்கத்தில் விட்டார். எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) 1847 என்ற ஆண்டோடு வந்தது அப்படித்தான். 1934இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் காகிதத்தை ஆராய்ந்து குட்டை உடைத்தார்கள்: அந்தப் பிரசுரங்கள் பலவற்றின் காகிதத்தில் இருந்த இரசாயன மரக்கூழும் எஸ்பார்ட்டோ புல்லும், போட்டிருந்த ஆண்டில் இங்கிலாந்தின் காகிதத் தொழிலில் புழக்கத்துக்கே வந்திருக்கவில்லை. அத்தனை வருஷம் நிபுணர்களே ஏமாந்துகொண்டிருந்தார்கள் என்பதால் என் பட்டாணிப் பள்ளத்தை நினைத்து நான் ரொம்ப வெட்கப்படுவதில்லை.

கையெழுத்து விஷயத்தில் நான் கோழை. விற்பவர் நம்பகமானவராக இருந்து, கையெழுத்து எப்போது எங்கே போட்டது என்று சொல்ல முடிந்தால் மட்டும் வாங்குவேன். தனியாக ஒரு சீட்டில் போட்டு உள்ளே ஒட்டியதைவிடப் பக்கத்திலேயே போட்டது மேல். யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அவரும் எழுத்தாளரோடு தொடர்புடையவராக இருந்தால் இன்னும் மேல்.

விற்பனைக் குறிப்புகளில் நிலையைச் சொல்ல ஃபைன், நியர் ஃபைன், வெரி குட், குட் என்று ஒரு ஏணி உண்டு. குட் என்றால் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பக்கமெல்லாம் இருக்கிறது, மற்றதை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். படம் பார்த்து வாங்குவதானால் முன்னட்டைப் படம் எதற்கும் உதவாது. பதிப்புரிமைப் பக்கம், உறையின் இரண்டு உள்மடிப்பு, முதுகு, உறை கழற்றிய பின்னட்டை, இந்த ஐந்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய வித்தையெல்லாம் இல்லை. வெயில் படாத இடம், நிமிர்த்தி வைத்தல், சாய விடாமல் இருத்தல், ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுதல். அடுக்கிலிருந்து எடுக்கும்போது முதுகின் தலைப்பகுதியில் விரலைக் கொக்கியாகப் போட்டு இழுக்காதீர்கள், அங்கேதான் முதலில் கிழியும். இரண்டு பக்கத்திலும் இருக்கும் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். உறைக்கு பாலியெஸ்டர் உறை போடலாம், பிவிசி மட்டும் வேண்டாம், நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். கிழிந்தால் செலோடேப் ஒட்டுவது பாவம். வெள்ளைக் கையுறையும் தேவையில்லை, கழுவித் துடைத்த கைதான் நல்லது, கையுறை போட்டால் தாளின் ஓரம் கைக்குத் தெரியாமல் கிழித்துவிடுவோம்.

எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், எதை வைத்து முதல் அச்சு என்று முடிவுசெய்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகாதீர்கள், கூட வந்த பழைய தாள்களையும் தனி உறையில் போட்டு வையுங்கள். சாதாரணக் காகிதத்தில் இருக்கும் அமிலம் எதிர்ப்பக்கத்தில் பழுப்பாக இறங்கும். முன்னால் வைத்திருந்த யாரோ அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டின் உருவம் என் புத்தகம் ஒன்றில் 40ஆம் பக்கத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது, சீட்டு எப்போதோ போய்விட்டது.