உதிரும் செங்கல் சுவருக்குச் சாந்து மாற்றும் முறை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரைத் தடவினாலே செங்கல் இடுக்கிலிருந்து பொடி கொட்டும். பலரும் உடனே சிமென்ட் குழைத்து அடைத்துவிடுகிறார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் அடைத்த சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றியுள்ள செங்கல் பொரிந்து குழிவிழுந்திருக்கும்.

காரணம் இதுதான். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாக ஆவியாகிவிடும். அந்த வழியைச் சிமென்ட் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும். அதிலுள்ள உப்பு செங்கலின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தையே பெயர்த்துத் தள்ளும். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால் இந்தச் சேதம் சீக்கிரமே வரும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

பழைய சாந்தை ஆணியால் கீறுங்கள். வெளுப்பாகப் பொடிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து ஆணி வழுக்கினால் சிமென்ட். அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: உடைந்த மழைநீர்க் குழாய், ஏசி தண்ணீர், சுவரை ஒட்டிக் குவிந்த மண். அதை நிறுத்தாமல் சாந்தில் கை வைக்காதீர்கள். படிக்கட்டு போல ஏறும் விரிசல் நாளுக்கு நாள் அகலமானால் அது அஸ்திவாரச் சிக்கல்; இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் சாந்து சுருங்கி வெடிக்கும். ஐப்பசி மழையில் கரைந்தே போகும்.

சுரண்டுதல்

இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் எடுங்கள், 10 மி.மீ. இடுக்கு என்றால் 20 முதல் 25 மி.மீ. ஒடுக்கமான உளியும் சின்னச் சுத்தியும் போதும். கிரைண்டர் வேண்டாம், செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும். உட்பக்கம் சதுரமாக இருக்கட்டும். 'வி' போலக் குடைந்தால் புதுச் சாந்துக்குப் பிடிமானம் இருக்காது. மேலிருந்து கீழாக, ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவு மட்டும் சுரண்டுங்கள்.

பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சாந்து நிரப்புவதற்கு முந்தின நாள் மாலையும் நிரப்பச் சற்று முன்பும் நனையுங்கள். செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. காய்ந்த செங்கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். அப்புறம் விரல் பட்டாலே உதிரும்.

கலவை

சுண்ணாம்புச் சுவருக்கு: நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த செங்கல் தூள் 1 பங்கு, சலித்த மணல் 2 பங்கு.

சிமென்ட் சுவருக்கு: சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவே கலக்குங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைக்கக் கூடாது.

ஒரு சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் 4 லிட்டர் கலவை பிடிக்கும். கடற்கரை மணல் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த உப்பே சுவரைத் தின்னும். குழைத்த கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

நிரப்புதல்

ஒரே தடவையில் திணித்தால் உள்ளே காற்று தங்கிவிடும். 10 மி.மீ. அளவுக்கு ஒரு படை வைத்து, இடுக்கில் நுழையும் மெல்லிய கரண்டியால் இறுக்கி அழுத்துங்கள். அது கட்டைவிரல் தடம் லேசாக விழும் அளவுக்கு இறுகியதும் அடுத்த படை. செங்கல் முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளடங்கி முடியுங்கள். செங்கல் மேல் வழிந்ததை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள்.

பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சிமென்ட் கலவைக்கு 7 நாளும் சுண்ணாம்புக்கு இரண்டு வாரமும் ஈரம் காயாமல் பாருங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்காமல் தெளிப்பானில் தெளியுங்கள். முழுவதும் காய்ந்த பின் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கலாம். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் மறுபடி உள்ளேயே தங்கிவிடும்.