ரேம் வாங்கும்முன் பலரும் செய்யும் தவறுகள்

பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் கூட்டக் கிளம்புகிறவர்கள் பலர் கடையில் "8 ஜிபி ரேம் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். மதர்போர்டின் முழுப் பெயர் தெரியாமல் ரேம் வாங்கவே கூடாது. அது போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். கேபினெட்டைத் திறக்க மனமில்லையா? விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பேஸ்போர்டு என்ற வரிகளைப் பாருங்கள்.

முழுப் பெயர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ரேம்களையும் ஏற்கும். ஆனால் போர்டு பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும். பி760 என்ற ஒரே சிப்செட்டிலேயே (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) இரண்டு வகைப் போர்டுகளும் விற்கின்றன. பெயரின் கடைசியில் வரும் டி4 போன்ற ஒட்டுதான் பல நேரம் வித்தியாசத்தைக் காட்டும். இரண்டு ரேமுக்கும் 288 பின்கள்தான், பின்களுக்கு நடுவே வெட்டு இருக்கும் இடம் மட்டும் வேறு. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடைந்துவிடும். ஏஎம்டியில் இந்தக் குழப்பம் இல்லை: பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5.

இதைவிட மோசமானது, ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்துவிட்டதே, வேலை செய்யும் என்று நம்புவது. மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் சில ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும். இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. சர்வரிலிருந்து கழற்றி விற்கும் ரெஜிஸ்டர்டு ரேமும் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அளவுக்கும் எல்லை உண்டு. எச்61 சிப்செட் கொண்ட பழைய இன்டெல் போர்டுகளில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம்.

வேகத்தைப் பொறுத்தவரை, ஐ5-10400 பிராசஸரை பி460 போர்டில் வைத்திருப்பவர் 3200 எம்டி/எஸ் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) வேக ரேம் போட்டாலும் 2666இல்தான் ஓடும். கெடுதல் ஒன்றுமில்லை, கூடுதலாகக் கொடுத்த காசுதான் வீண்.

அப்புறம், நாலு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை. டிடிஆர்5இல் இதனால் வேகம் குறையும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 ஜிபி கொண்ட ஒரே கிட்டாக (ஒரே பெட்டியில் விற்கும் ஜோடி) வாங்குங்கள். போர்டு நிறுவனத்தின் தளத்தில், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ரேமின் பார்ட் நம்பர் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.