நீராவி ரோடு ரோலரை ஓட்டப் போகிறவர்களுக்கு

சாலை வேலையில் ரோலரோடு காலம் கழித்தவன் நான். பழைய நீராவி ரோலரைச் சரிபண்ணி வைத்திருக்கிறோம், ஒருநாள் ஓட்டிப் பார்க்க வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போங்கள் மக்களே. ஆனால் விடியுமுன்பே போய்விடுங்கள். ஆறிக் கிடக்கும் பாய்லரில் ஆவி ஏற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். தீ மூட்டுவதைப் பார்க்காதவருக்குப் பாதி வேலை தெரியாமலே போகும்.

வேட்டி கட்டிக்கொண்டு ஏறாதீர்கள், சுழலும் சக்கரம் இழுத்துக்கொள்ளும். பருத்திச் சட்டை, பேன்ட், தோல் ஷூ போதும்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். பாதி அளவு நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. கீழ்த் திருகைத் திறந்து தண்ணீரை வெளியே அடித்துவிட்டு மூடுங்கள். மட்டம் சட்டென்று மேலே வந்தால் சரி. தயங்கித் தயங்கி வந்தால் எங்கோ அடைப்பு; வண்டியை எடுக்காதீர்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் நம்ம ஊர் சாலை. குமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனால் ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் வண்டியின் மூக்கு தாழும்போது பாய்லர் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். பின்னால் இருக்கும் அடுப்பின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்து பழுக்கக் காய்ந்துவிடும். அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த திருகு ஒன்று உண்டு. ஈயம் உருகினால் ஆவி அடுப்புக்குள் பாய்ந்து எச்சரிக்கும். அதுவரை விடுகிறவர் டிரைவரே அல்ல. மேட்டை எட்டும்போதே, பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்றுங்கள். பச்சைத்தண்ணீர் உள்ளே போனால் பிரஷர் இறங்கும், அதனால் அதற்கு முன்பே கரி போட்டுத் தீயை வளர்த்துக்கொள்ளுங்கள்.

கிளப்பும்போது சிலிண்டரின் வடிகால் திருகுகள் திறந்திருக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டர் மூடியே உடையும். சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டரை விரலளவு மட்டும் திறங்கள்; வெறும் ஆவி வரத் தொடங்கியதும் வடிகால் திருகுகளை மூடிவிடுங்கள்.

ஸ்டியரிங் சங்கிலியில் ஓடுவது. பல சுற்று சுற்றினால்தான் முன்உருளை அசையும், அதனால் வளைவு வருமுன்பே சுற்ற ஆரம்பியுங்கள். கியரை நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும். சரிவில் கியரை விடுவிக்கவே கூடாது. அப்புறம், சாரல் விழுந்த தார்ச்சாலையில் இரும்புச் சக்கரம் வழுக்கும். அன்றைக்கு மைதானத்திலேயே ஓட்டுங்கள்.

முன்பக்கம் முன்கால் தூக்கி நிற்கும் பித்தளைக் குதிரை இருந்தால், அது இங்கிலாந்தில் ரோசெஸ்டர் ஊரின் ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி செய்தது. கென்ட் பகுதியின் சின்னம் அந்தக் குதிரை. எனக்கு மிகப் பிடித்த வண்டி அதுதான்.

சாயங்காலம் அடுப்பில் பச்சைத்தண்ணீரை ஊற்றித் தீயை அணைக்காதீர்கள், தகடு விரிசல் விடும். பாய்லரில் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிவிட்டு, தீயைத் தானாக அடங்க விடுங்கள். குளிரக் குளிர மட்டம் இறங்கும்.