கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு: மங்கிய படங்கள் தெளிந்த கதை

மாடியில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சிப் புழு ஒன்று இருந்தது. இளம் பருவத்தில் அது பறவை எச்சம் போலவே தோன்றும். அதைப் படமெடுக்க, பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் மூலம் கேமராவில் தலைகீழாகப் பொருத்தினேன். முதல் நாள் எடுத்த படங்கள் அத்தனையும் மங்கல். லென்ஸ்தான் பழுது என்று நம்பிவிட்டேன்.

பழுது என் முறையில் இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று, லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 1.8-இல் முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். பொருளின் பிம்பம் அதன் உண்மை அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழும்போது, அந்த நிலையில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். லென்ஸின் துவார வளையத்தைத் திருப்பி எஃப் 11-க்கு மாற்றி, துவாரத்தைச் சிறிதாக்கினேன். ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகக் கூடியது. எஃப் 22 வரை போனால், மிகச் சிறிய துவாரத்தின் ஓரங்களில் ஒளி வளைவதால் படம் முழுதும் மென்மையாகிவிடுகிறது, அது வேண்டாம்.

குறைந்த வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ். அதன் முன் வெள்ளைத் தாளைக் கட்டியதும் கண்கூசும் பளபளப்பு போய்விட்டது. குவியத்துக்கு லென்ஸின் குவிய வளையத்தைத் தொடுவதே இல்லை. முழங்கையைத் தொட்டிமேல் ஊன்றி, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, தலைப்பகுதி தெளியும் கணத்தில் அழுத்துகிறேன். காற்று அடங்கிய அதிகாலை ஆறரை மணியே எனக்குப் பிடித்த நேரம்.

மூன்றாம் நாள், புழுவின் தோலில் இருந்த சிறு முட்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.