மாரத்தானிலிருந்து முற்றத்துக்கு இறங்குவது எப்படி

விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். அதுதான் முதல் சிக்கல். ஓட்டத்தைக் குறைக்கலாம் என்று நாம் முடிவெடுத்தாலும், அது உடம்புக்குத் தெரிவதில்லை.

ஒன்பது வருடம் ஓடினேன். 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான் ஐந்து முறை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், ஒருநாள் சந்தோஷமாக இல்லாமல் வட்டிக் கணக்குப் போலத் தோன்றியது. அன்றே ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டேன். அது தப்பு. பத்து நாளில் தூக்கம் கெட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. பசி மட்டும் பழையபடி ஏழு இட்லி கேட்டது.

இரண்டாம் முறை படிப்படியாக இறங்கினேன். வாரத்துக்கு 60 கிலோமீட்டர் இருந்ததை 48, 38, 30 என்று இரண்டிரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, 20-இல் நிறுத்தினேன். முதலில் வெட்ட வேண்டியது ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை. வேகமாக ஓடும் ஒருநாளை மட்டும் விடாதீர்கள். தூரத்தைப் பாதிக்குமேல் குறைத்தாலும், கொஞ்சம் வேகம் மிச்சமிருந்தால் மூச்சுத் திறன் பெரும்பாலும் குறையாமல் இருக்கும். அடியோடு நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும். சாப்பாட்டையும் தூரத்தோடு சேர்த்தே குறையுங்கள். ஏழு இட்லி ஐந்தாகி, நாலில் நின்றது. வெள்ளைப் பணியாரத்துக்கு மட்டும் நான் கணக்கு வைப்பதில்லை.

சரி, மிச்சமான நேரத்தை என்ன செய்வது? ஓட்டத்தைக் குறைப்பதற்கு முன்பே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அதுவும் அதே நாலரை மணிக்கு, எழுந்தவுடன் கைக்கு எட்டும் வேலையாக. இல்லாவிட்டால் கை போனைத்தான் தேடும்.

எங்கள் வீட்டில் ஆத்தா கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, முடைவார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணில் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்தால் அந்தக் குளுமையிலேயே முழங்கால் பாதி ஆறிவிடும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காய்ந்த பனங்குருத்தோலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, சிறு கத்தியால் ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். என் முதல் வாரம் முழுக்க இதிலேயே போனது. கிழித்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்தால் ஒடியும், ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். சாய ஓலையும் வெள்ளை ஓலையும் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக அடியை முதலில் முடையுங்கள். ஒவ்வொரு வரிசையையும் நகத்தால் நெருக்கிக்கொண்டே போக வேண்டும். அடி தளர்ந்தால் மேலே என்ன செய்தாலும் சரியாகாது. பிறகு நாலு மூலையை மடக்கி மேலேற்றுவது. இந்த இடத்தில் எத்தனையோ தடவை அவிழ்த்தேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தைச் சுற்றி வாருங்கள். ஓடிப் பழகிய இடுப்பு, உட்கார்ந்தால் சீக்கிரம் இறுகும்.

சாயங்காலத்துக்குப் பல்லாங்குழி. பதினாலு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ளலாம். ஆத்தாவிடம் நான் இன்னும் ஜெயித்ததில்லை, அதனால் மேலே விளக்கவில்லை.

ஓடுகிறவர்களுக்கு இருக்கும் ஒரு வியாதியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மூன்றாவது கொட்டானுக்கு நான் கைக்கடிகாரத்தை ஓடவிட்டு நேரம் பார்த்தேன். முந்தையதைவிட அரைமணி குறைவு என்று பெருமையாகச் சொன்னேன். ஆத்தா கொட்டானை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, இதுக்குமா ஓட்டம்? அடியில விரல் போகுது பாரு."

போனது. சுண்டுவிரல் அல்ல, கட்டைவிரலே போனது.

கடிகாரம் இப்போது அலமாரியில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ஓடப் போகும்போது மட்டும் வெளியே வரும். அந்த மூன்றாவது கொட்டானில் ஆத்தா பூண்டு போட்டுவைத்திருக்கிறார்கள், காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம்.