திருடன் கண்ணால் என் கடையைப் பார்த்தேன்

ஈரோட்டில் எனக்குப் போர்வை மொத்த வியாபாரம். சென்ற ஆண்டு பழைய வாடிக்கையாளர் ஒருவர், "நீங்கள் அனுப்பிய புதிய வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டேன்" என்றார். நான் எந்தக் கணக்கையும் அனுப்பவில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொன்னேன். பணத்தில் ஒரு பகுதி மட்டும் முடக்கப்பட்டது.

யாரோ என் மின்னஞ்சலுக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அசட்டு நிம்மதி. இரண்டே வாரத்தில் இன்னொருவருக்கும் அதேபோன்ற போலிக் கடிதம் போனது, பில் தொகை பைசா பிசகாமல்.

அன்றிரவு, நானே திருடனாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வாசல் பூட்டு ஒருநாள் மாறும் என்று அவனுக்குத் தெரியாதா? கொல்லைப்புறத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பான். மின்னஞ்சல் அமைப்புகளைத் துழாவினேன். இருந்தது: 'பில்' என்ற சொல் உள்ள கடிதங்களையெல்லாம் அறிமுகமில்லாத முகவரிக்குத் தானாகவே அனுப்பும் விதி ஒன்று. கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அழியாது.

அதை நீக்கினேன். எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவும் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினேன். பழைய கடவுச்சொல் என்ன தெரியுமா? கடைப் பெயரும் தொடங்கிய ஆண்டும். இரண்டையும் பெயர்ப்பலகையில் நானே பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தேன்.

வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் என்னிடம் பேசிய பிறகே பணம் அனுப்புங்கள் என்று இப்போது பில்லிலேயே அச்சிட்டிருக்கிறேன். அந்த முதல் வாடிக்கையாளர் மட்டும், கணக்கு மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அழைத்து, "நீங்கள்தானே?" என்று கேட்கிறார்.